இல்லாத இரண்டாவது கோப்பை

பிப்ரவரி 3, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்துக்கொண்டு வந்து நின்ற நாளில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னேன்: "இவ எழுத்துல ஜெயிப்பா, பேச்சுல மாட்டுவா." அக்காவைக் கேட்டால், நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, "சாப்பிட என்ன இருக்கு?" என்றுதான் கேட்டேன் என்பாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வார்டு முழுக்க யாருக்கு எந்த மாத்திரை என்று மனசில் வைத்திருப்பவளுக்கு, என் முக்கியமான பேச்சுகளை வைக்க இடம் ஏது?

இன்று பள்ளியிலிருந்து கடிதம். இலக்கிய டீச்சர் எழுதியது. கட்டுரைகளில் வகுப்பிலேயே முதல். ஆனால் வாய்மொழித் தேர்வில் இரண்டு முறையும் பூஜ்யம். இரண்டு முறையும் எழுந்து நின்றாளாம், புத்தகத்தைத் திறந்தாளாம், பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தாளாம். மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு மார்ச் 7, வெள்ளி. அன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து இலக்கிய வகுப்பில் இடம் கிடையாது. அலுவலக நிர்வாகப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். வீட்டில் நான் அவளுக்கு வைத்த பெயர் கோட்டான். ஊமைக்கோட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். பெருந்தன்மையாக முன்பாதியை விட்டுவிட்டேன்.

"அலுவலக நிர்வாகமும் நல்ல படிப்புதானேம்மா" என்று அக்கா மெதுவாக இழுத்தாள்.

"எனக்கு வேணாம்."

இரண்டே வார்த்தை. அதைச் சொல்லவே அவள் மறுபடி ஒருமுறை கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் பார்த்தேன்.

"கவலைப்படாதே, மாமா பொறுப்பு" என்றேன். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன எதையும் ஓட்டிக் காட்டியவன்.

பிப்ரவரி 5, புதன்

இலக்கிய டீச்சர் வாராவாரம் ஒரு தாள் கொடுக்கிறார். வீட்டுப்பாடங்களும் நினைவூட்டல்களும். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் இருந்ததை நானே படித்துவிட்டேன். (கோட்டான் பக்கத்தில் நின்று அர்த்தம் சொன்னாள். அது சரிபார்ப்பதற்காக.)

"நான்கு முதல் ஆறாம் அத்தியாயம் வரை, திங்களுக்குள். ஓரத்தில் பென்சில் குறிப்பு இல்லாத புத்தகம், படிக்காத புத்தகம். புத்தகத்தை மறந்து வருபவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தயவில் வாழ வேண்டும். கட்டுரையில் 'மிகவும்' என்ற சொல் மூன்று முறைக்கு மேல் வந்தால் திருப்பித் தரப்படும்."

மூன்று முறையா! எனக்கு ஒரு வாக்கியத்துக்கே போதாது.

தாளின் அடியில் ஒரு பெட்டி. தலைப்பு 'கேட்டவர் குறிப்பு'. வாரம் ஒரு நாள் மாணவர் வீட்டில் ஒரு பெரியவரிடம் இருபது நிமிடம், படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். பெரியவர் தாம் கேட்டதைத் தமக்குத் தெரிந்த மொழியில் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "பாராட்டு வேண்டாம். கேட்டதை எழுதினால் போதும்" என்று கோடிட்டிருக்கிறார்.

அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருவதற்கு இன்னும் நாலு மாதம். அக்கா ஷிஃப்டு ஷிஃப்டாக ஓடுகிறாள். ஆக, ஆங்கில இலக்கியத்துக்கு இந்த வீட்டில் நான்தான் அதிகாரி. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஒன்பதாம் வகுப்பை ஜன்னல் வழியாகக் கேட்டே முடித்தவன் நான்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் நாள் கேட்டேன். கோட்டான் நாலு நிமிடம் பேசினாள். மிச்சம் பதினாறு நிமிடத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு ஆறு. ஒரு படகோட்டி. அவன் பெண்டாட்டி ஒருநாள் அக்கரைக்குப் போனவள் திரும்பவில்லை. அன்றிலிருந்து படகில் ஏறும் ஒவ்வொருவரிடமும், "சாயந்திரப் படகுல அவ வர்றா" என்று சொல்கிறான். அவள் வருவதே இல்லை. இருநூற்றுப் பதினாலு பக்கம்.

மார்ச் 7 பேச்சுக்குத் தலைப்பும் கொடுத்துவிட்டார்கள்: "படகோட்டி பொய்யனா? பக்க எண்களுடன் விளக்குக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுல என்ன பொய் இருக்கு? நடக்கப்போறதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்றான், அவ்ளோதான்" என்றேன்.

கோட்டான் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு புத்தக ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள். என் கருத்தைத்தான் எழுதியிருப்பாள்.

பிப்ரவரி 14, வெள்ளி, காலை

அவசரமாக எழுதுகிறேன். நேற்று பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குப் புது ரோப் மாற்றும் வேலை தொடங்கியது. நானும் என் கூட்டாளி கிரீஸும் நாள் முழுக்க இழுத்தோம். (கிரீஸ் என்பது அவன் சட்டையைப் பார்த்து வைத்த பெயர். நாங்கள் ஒரே வயது, ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் வருடத்துக்கு நாலு வாக்கியம் பேசுவான்.) வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்ததும் கோட்டான் ஏழாம் அத்தியாயத்தை ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கண்ணை மூடினால் கவனம் கூடும். கூடிக் கூடி, எழுந்து பார்த்தால் விடிந்திருக்கிறது. என்மேல் போர்வை. மேசைமேல் நோட்டு. இன்று காலை கொடுத்தாக வேண்டும். அவள் குளிக்கிறாள்.

படிக்காத பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் நியாயம். தூங்கிய மாமாவால் குறையலாமா? பேனாவை எடுத்தேன். இப்படி எழுதினேன்:

"என் மருமகள் சொன்னாள்: 'படகோட்டி தினமும் இரண்டு கோப்பை கழுவி வைக்கிறான், மாமா. ஒன்றில் குடிக்கிறான். இன்னொன்று அப்படியே இருக்கிறது. மறுநாள், குடிக்காத அந்தக் கோப்பையையும் சேர்த்துக் கழுவுகிறான். அதனால் அவன் பொய்யன் இல்லை.' இதைக் கேட்டு என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை."

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நாவல் எழுதியவருக்கு இது தோன்றாமல் போனது அவர் துரதிர்ஷ்டம். கையெழுத்துப் போட்டு, நோட்டை அவள் பையில் நானே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நோட்டு திரும்பி வந்தது. என் குறிப்புக்குப் பக்கத்தில் டீச்சர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "அருமையான கவனிப்பு! எந்தப் பக்கம்? மார்ச் 7 பேச்சை இதிலிருந்தே தொடங்கவும்."

வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் படித்தும் காட்டினாராம்.

கோட்டான் நோட்டை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"மாமா, இது யாரு சொன்னது?"

"நீதானேம்மா..."

"நான் சொன்னது ஏழாம் அத்தியாயத்துல வெள்ளம் வர்றது. நீங்க வெள்ளத்துக்கு முன்னாடியே குறட்டை விட்டுட்டீங்க."

"சரி, கோப்பை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு! புத்தகத்துல இல்லையே! எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. நான் எந்தப் பக்கம்னு சொல்ல?"

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அதைப் பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

கோட்டான் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கிறாள், கோப்பைக்காக. நானும் உதவினேன். கோப்பைக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த உருவத்தைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒன்று சிக்கியது. குதித்தேன். படகில் தண்ணீர் இறைக்கிற, விளிம்பு உடைந்த கோப்பை. ஒன்றே ஒன்று.

அப்புறம் ஒரு யோசனை சொன்னேன். அவளுடைய புத்தகத்தில் நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு, கோப்பை அதில்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

"வகுப்புல முப்பத்தோரு பேர்கிட்ட இதே புத்தகம் இருக்கு, மாமா. முப்பத்தோரு வீட்டுக்கும் போய்க் கிழிப்பீங்களா?"

ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கோட்டான் என்னிடம் பேசவில்லை. வழக்கமாகப் பேசாமல் இருப்பது வேறு, இது வேறு.

பிப்ரவரி 21, வெள்ளி

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை, அப்படியே நின்று ஆரம்பித்தாள்.

"ஏன்டா, பத்து நாள் காய்ச்சல்காரன்கூட உளறுறதை நிறுத்திடுவான். நீ நிறுத்தவே மாட்டியா? அவளே இருக்கிற தைரியத்தை எல்லாம் கூட்டிக் கூட்டி வெச்சு ஒரு வார்த்தை பேசப் பார்க்கிறா. நீ என்னடான்னா அவ சொல்லாத வார்த்தையைத் தூக்கி அவ வாயில வெச்சிருக்கே. இப்ப அவ பேசினா பொய், பேசலைன்னா பூஜ்யம். நல்லா மாட்டி வெச்சேடா."

பதில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். எனக்கே ஒன்றும் வரவில்லை. எழுதி வைக்கிறேன்: இருபத்தொன்றாம் தேதி, எனக்கு ஒன்றும் வரவில்லை.

நான் செய்தது தப்பா? நல்லதுக்குத்தானே? நல்லது என்றால் யாருக்கு? தூங்கினதை மறைக்கத்தானே எழுதினேன், சே.

திங்கட்கிழமை டீச்சரைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடப் போகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் டீச்சர் கட்டுரைத் தாள்களுக்கு நடுவே சின்ன உருவமாக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. விரலெல்லாம் பச்சை மை.

"நீங்கதான் அந்தக் கேட்டவரா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். என் வாழ்க்கையில் ஒரு டீச்சர் எனக்காக எழுந்தது இதுதான் முதல் தடவை. எட்டாம் வகுப்பில் எழுந்தவர்கள் எல்லாம் பிரம்பை எடுக்கத்தான் எழுந்தார்கள்.

"அந்தக் கோப்பை விஷயமா வந்தேன், டீச்சர்."

"பன்னிரண்டு வருஷமா இந்தப் புத்தகத்தை நடத்தறேன். அந்தக் கோப்பை என் கண்ணுல பட்டதே இல்ல. ஒரு வாரமா தேடறேன், சார்."

சார்! நாக்கு நுனி வரை உண்மை வந்து நின்றது. அதற்குள் அவரே சொன்னார்: "எனக்கு ஒரே பயம், அவ அன்னைக்கும் நின்னுடுவாளோன்னுதான். அவ எழுதற மாதிரி இந்த வகுப்புல யாரும் எழுதறதில்ல. அவளை அனுப்ப எனக்கு மனசே இல்ல. ஆனா மூணு தடவைதான்னு பள்ளிக்கூடத்துல ரூல். வீட்டுலயாவது பேசறாளா?"

கேட்கும்போது டீச்சர் முகம் அப்படி வாடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

"பேசறாளாவா? டீச்சர், தினமும் என் லிஃப்ட்ல நின்னு பழகறா! ஏறுற ஜனம் இறங்குற ஜனம் எல்லாம் கை தட்டுது!"

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ஒரு பொய்யை இறக்கி வைக்கப் போனவன் இன்னொன்றையும் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கோட்டானிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. டீச்சர் அவளிடம் கேட்டுவிட்டால்? பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ இப்ப ரெண்டு."

"ரெண்டாவது சின்னதும்மா."

அவள் ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள். இன்னொன்றைத் துடைத்து அடுக்கினாள். பிறகு சொன்னாள்:

"கோப்பையை என்னால உண்மையாக்க முடியாது, மாமா. புத்தகம் அச்சாயிடுச்சு. லிஃப்டை முடியும்."

"என்னது?"

"சனிக்கிழமை என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

மார்ச் 1, சனி

ரோப் வேலை நேற்றோடு முடிந்தது. எடை ஏற்றிச் சோதித்து, ஆட்கள் ஏறலாம் என்று நானே கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனாலும் புது ரோப் கொஞ்சம் இழுபட்டு அடங்கும் வரை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். கோட்டான் புத்தகத்தோடு உள்ளே ஏறினாள். கதவு மூடியது. கிரீஸ் மேலே மெஷின் அறையில். நான் தரைத்தளத்தில்.

பதினோரு மாடிக்கு ஐம்பது வினாடி. முதல் மூன்று பயணம் ஒரு சத்தமும் இல்லை. நாலாவதில் குரல் கேட்டது. மேலேயிருந்து மெல்லிசாக இறங்கி வந்தது, கதவுக்குப் பின்னால் வந்து நின்றது, மறுபடி ஏறிப் போனது. உள்ளே யாரும் இல்லை, சுவரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று தெரிந்தும், கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஆங்கிலம். எல்லாம் புரிந்தது. பக்க எண்கள் மிகத் தெளிவாகப் புரிந்தன.

ஐந்தாம் மாடியில் துணிக்கூடையோடு ஒரு அம்மா ஏறிவிட்டார். கோட்டான் நிறுத்திவிட்டாளாம். அந்த அம்மா, "நீ பாட்டுக்குச் சொல்லும்மா, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று கூடையைக் கீழே வைத்தாராம். மூன்று முறை மேலும் கீழும் போய்வந்தார். தரைத்தளத்தில் கதவு திறந்தபோது கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

ஆக, ஜனங்கள் கை தட்டியாகிவிட்டது. ஒருவர்தான். எண்ணிக்கையில் பிடிவாதம் காட்டுகிற ஆள் இல்லை நான்.

கிரீஸ் இறங்கி வந்து கையைத் துடைத்தபடி கோட்டானிடம், இந்த வருடத்துக்கான வாக்கியங்களில் இரண்டைச் செலவழித்தான். "உங்க மாமா பேசறதுல பத்துக்கு ஒண்ணைத்தான் நம்பலாம். ஆனா அவர் கட்டின ரோப் பத்துக்குப் பத்து."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள். எந்தப் பாதி தெரியும் என்று கேட்கவில்லை நான்.

வரும் வழியில் கேட்டேன். "கோப்பைக்கு என்ன பண்ணப் போறே? எப்படி ஆரம்பிக்கப் போறே?"

"வெள்ளிக்கிழமை தெரியும்."

மார்ச் 6, வியாழன்

நாளைக்கு. ஃபிரிட்ஜ் தாளில் கடைசி வரி: "நினைவூட்டல்: பேச்சுக்கு வருபவர்கள் புத்தகம், பக்க எண்கள், ஒரு டம்ளர் தண்ணீர் ஆகியவற்றுடன் வரவும். பயம் இருந்தால் அதையும் கொண்டுவரலாம், வெளியே விட்டுவிட்டு வரவேண்டியதில்லை."

நல்ல டீச்சர்.

அவள் என்னை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஏதாவது பேசினால் போதும். இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

பேசிவிட்டாள்! பேசிவிட்டாள்! பேசிவிட்டாள்!

நிதானமாக எழுதுகிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, டூல் பையோடு பள்ளிக்குப் போனேன். லிஃப்டைப் பார்க்க வந்தேன் என்றதும் காவலாளி விட்டுவிட்டார். அந்தப் பள்ளியில் லிஃப்டே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. வகுப்பறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருக்கிறது. அது வழியாகப் பார்த்தேன். டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், கையில் நேரம் பார்க்கும் கடிகாரம்.

கோட்டான் எழுந்து போனாள். நின்றாள். புத்தகத்தைத் திறந்தாள். ஒரு நிமிடம். எவனோ ஒருவன் பெருமூச்சு விட்டான். இரண்டு நிமிடம். பிறகு அவள் வகுப்பைப் பார்க்காமல் பின்பக்கச் சுவரைப் பார்த்தாள், லிஃப்டுக்குள் பார்த்த மாதிரி. ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், தமிழில் எழுதி வைக்கிறேன்.

"இந்தப் புத்தகத்தில் இரண்டாவது கோப்பை இல்லை. இருநூற்றுப் பதினாலு பக்கமும் இரண்டு முறை தேடினேன். இருப்பது ஒரே ஒரு கோப்பை, பக்கம் அறுபத்தொன்று, அதுவும் உடைந்தது. இன்னொன்றை வைத்தது என் மாமா. ஏழாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டார். தூங்கியது தெரியக் கூடாது என்று எழுதினார்."

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அவள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு, காத்திருக்க?

"முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். பாதிக் கதை கேட்டுத் தூங்கிப்போன ஒருவருக்கு, அங்கே ஒரு கோப்பை குறைகிறது என்று ஏன் தோன்றியது? நீங்களும் புரட்டிப் பாருங்கள். இந்தப் புத்தகம் முழுக்க நாம் படகிலேயே இருக்கிறோம். படகோட்டியின் வீட்டுக்குள் ஒரு முறைகூடப் போவதில்லை. பக்கம் நூற்று மூன்றில் வாசல் வரை போகிறோம், கதவு சாத்தியிருக்கிறது. பக்கம் நூற்றெழுபதில் மறுபடி போகிறோம், அப்போதும் சாத்தியிருக்கிறது. அவன் மற்றவர்களிடம் சொல்வது மட்டும்தான் நமக்குத் தெரியும். தனியாக இருக்கும்போது என்ன செய்கிறான் என்று தெரியாது. அது தெரியாமல் ஒருவனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? எழுதியவர் வேண்டுமென்றே கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும் என்று. என் மாமா ஒரு கோப்பை வைத்தார். நீங்கள் என்ன வைத்தீர்கள்?"

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெருமூச்சு விட்டவன் கை தூக்கினான். படகோட்டி உள்ளே தன் பெண்டாட்டியின் செருப்பைத் துடைத்து வைப்பான் என்றான். ஒரு பெண், இல்லை, உள்ளே போனதும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான், அவன் சுத்தப் பொய்யன்தான் என்றாள். "அப்படின்னா பக்க எண் சொல்லு" என்று கோட்டான் கேட்டாள். கோட்டான் கேட்டாள்! அந்தப் பெண்ணிடம் பக்க எண் இருந்தது. கோட்டானிடம் அதற்குப் பதில் இருந்தது. டீச்சர் கடிகாரத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறார், யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அவரே அதைப் பைக்குள் போட்டுவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

இருபதுக்குப் பதினெட்டு. இலக்கிய வகுப்பில் இடம் உறுதி.

குறைந்த இரண்டு எதற்கு என்று கேட்டால்: பத்து நிமிடப் பேச்சைப் பதின்மூன்று நிமிடம் பேசியதற்கு. அதிகம் பேசியதற்காக இந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் வெட்டியிருக்கிறார்கள் என்று அக்கா வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். படுக்கையில் கிடக்கிறவர்கள் தப்பித்து எங்கே போவார்கள்? பேச்சு விஷயத்தில் அவள் என் கூடப்பிறந்தவள்தான் என்பது இன்றுதான் நிரூபணமானது.

மார்ச் 13, வியாழன்

புதுத் தாள் வந்திருக்கிறது. புதுப் புத்தகம், முதல் இரண்டு அத்தியாயம். பென்சில் குறிப்பு கட்டாயம். அதன் கீழே, வகுப்பு முழுவதற்கும் பொதுவாக, ஆனால் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வரி: "நினைவூட்டல்: கேட்டவர் குறிப்பில், கேட்டவர் தாமாகச் சேர்த்ததற்கு அடியில் பென்சிலால் கோடு போடவும். சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை."

கோட்டான் ஒரு பென்சிலைச் சீவி, என் சட்டைப் பையில் செருகினாள். "இருபது நிமிஷத்துக்கு இது போதுமா, மாமா, இல்ல டப்பாவோட தரட்டுமா?" என்றாள்.

"நக்கலா?"

"கண்ணைத் திறந்து வெச்சுட்டுக் கேளுங்க." ஆரம்பித்துவிட்டாள். பதினெட்டு நிமிடம் அவள் பேசினாள். இரண்டு நிமிடம் எனக்குக் கிடைத்தது. குறிப்பில் ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டேன். மழையை நான் சேர்த்தேன்.

பென்சில் கையில் இருக்கும்போதே இந்த டைரியையும் புரட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தால் பென்சில் தீர்ந்துவிடும், அதை விடுகிறேன். ஏழாம் தேதியில் மட்டும் ஒன்று போட்டிருக்கிறேன். 'அது வழியாகப் பார்த்தேன்' என்பதற்கு அடியில்.

நான் பார்க்கவில்லை. பள்ளிக்குள் போகவே இல்லை. கேட் வரை போனேன், அதற்குமேல் கால் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தால் என்னால் பார்க்க முடிந்திருக்காது. காவலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்ததும் அவள் வந்தாள். என்னைப் பார்த்தாள். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, முதல்ல நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். பெருமூச்சு விட்டவன், செருப்பு, பக்க எண், பைக்குள் போன கடிகாரம், எல்லாம் அவள் சொன்னதுதான். ஒரு வரி விடாமல் சொன்னாள். பிள்ளைகள் ஒவ்வொரு சைக்கிளாக எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சும் வரை சொன்னாள்.

நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. இதை அக்கா நம்பமாட்டாள். கோட்டானிடம் கேட்டுக்கொள்ளட்டும்.